குழாய்ச் சத்தம்

வீட்டில் மாட்டிப் பார்க்க வந்த முதல் வைஃபை பெட்டியை ராஜவேலு ஒரே நாளில் திருப்பி அனுப்பினார். சிக்னல் என்னவோ மொட்டைமாடி வரை பிய்த்துக்கொண்டுதான் போனது. ஆனால், சுவருக்கு அப்பால் யார் நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்பதும் அதற்குத் தெரிந்தது.

"சார், பொண்ணு கல்யாணமாகிப் போனதை நெனச்சு பாத்ரூம்ல அழறீங்க. அம்மாகிட்ட சொல்லிடவா?" என்று கேட்டது பெட்டி.

"சொன்னே, பிளக்கைப் பிடுங்கிடுவேன்!"

இரண்டாவது பெட்டி வந்தது. மறுநாள் காலை, காபியோடு வந்த மனைவி செண்பகம் அதனிடமே கேட்டுவிட்டாள்.

"ஏம்ப்பா, நேத்து ஐயா பாத்ரூம்ல அவ்வளவு நேரம் என்ன பண்ணாரு?"

ராஜவேலுவுக்கு வியர்த்தது. முறுக்கு மீசையும் அவருமாக இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயர்!

"குழாய் திறந்திருந்துச்சும்மா. தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் தெரியல," என்றது பெட்டி.

செண்பகம் சிரித்தாள்.

"இதையே வச்சுக்கலாங்க. நம்பிக்கையானது."

"எதை வச்சு சொல்றே?"

"நேத்து வெறும் மிக்ஸியை ஓடவிட்டு நான் அழுததையும் உங்ககிட்ட சொல்லலையே!"