கவியாவின் டிபன் டப்பா

மறைமலைநகரில் கம்பெனி பஸ்ஸுக்காகக் கூட்டம் நிற்கிறது. வெயில் சாய்ந்து விழும் ஓரமாக, ஸ்கூட்டரின் பின்சீட்டில் பிரிசில்லாவின் கடை இன்றுதான் தொடங்கியிருக்கிறது. முப்பது பொட்டலம் சாம்பார் சாதம். எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் வாங்கவில்லை. பள்ளிச் சீருடையில் ஸ்கூட்டரை ஒட்டி நிற்கும் மகள் கவியா, பசி தாங்காமல் தன் டிபன் டப்பாவைத் திறக்கிறாள். கருவாட்டுத் தொக்கின் வாசனை எழுகிறது. எங்கிருந்து வருகிறது என்று தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பித் தேடுகின்றன. “இன்னாக்கா அது?” என்று ஒருவர் நெருங்குகிறார். “அது வூட்டுக்குப் பண்ணதுண்ணே, கவுச்சி. விக்கிறதுக்கு சாம்பார் சாதம் கீது.” “சாம்பாரு கேன்டீன்லயே போடறான்க்கா. எனக்கு அத்த குடு.” அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். பிரிசில்லா மெல்ல மகள் பக்கம் திரும்புகிறாள். கவியா மூடியை அழுத்தி மூடி, டப்பாவை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள்.