முன்னால் வருகிறவள்

மயோர்க்கா தீவின் மலைக் கணவாயில் வேனை நிறுத்திவிட்டு லொரென்ஸ் ஆரஞ்சுப் பழங்களை நறுக்குகிறான். ஏப்ரல் வெயில் சுண்ணாம்புப் பாறைகளில் பட்டுக் கண் கூசுகிறது. எங்கோ ஆட்டு மணி. கீழே கடலிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில், விடுமுறைக்கு வந்த ஜெர்மன்காரர்களின் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. எல்லோருக்கும் முன்னால் அவன் மனைவி ஐனா. போன வருடம் வரை வழிகாட்டியாக அந்த இடத்தில் ஏறி வந்தவன் அவன்தான். முழங்கால் கெட்டபிறகு அது அவளுடையதாகிவிட்டது. பக்கத்தில் வரும் நெட்டையன் ஏதோ சொல்ல, அவள் சிரிப்பது மேலே வரை கேட்கிறது.

"என்னப்பா, வயிறு எரியுதா? அந்தாளு பேரன் பேத்தி எடுத்தவன்!" என்று சீண்டுகிறாள் காபிக் கடைக்காரி ஃபிரான்சிஸ்கா.

லொரென்ஸ் அந்த ஆளைப் பார்க்கவேயில்லை. பெடலோடு வலியில்லாமல் ஏறி இறங்கும் ஐனாவின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஐனா மூச்சிரைக்க வந்து நிற்கிறாள். கழுத்தில் வியர்வை உப்பாகப் பூத்திருக்கிறது. அவன் நீட்டிய பழத்துண்டைக் கடித்துக்கொண்டே, "இறக்கத்துல முட்டி வலிக்காதுல்ல? என் சைக்கிள எடுத்துட்டுப் போ. நான் வேன ஓட்டிட்டு வரேன்," என்கிறாள்.

"ஏறி வராதவனுக்கு என்னடி இறக்கம்?"

அவள் முகம் வாடுகிறது. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புகிறாள். முதல் வளைவில் அவள் சாய்ந்து திரும்பும்போது, ஒரு பிழையாவது தென்படுமா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறான். ஒன்றுமே இல்லை.