இறங்கியவர்கள் பதினோரு பேர்

விமானத்தின் கதவு திறந்ததும், தன் மகன் இறங்கிவிடக் கூடாதே என்று சலாஹுதீன் துஆ கேட்க ஆரம்பித்தார்.

தென் வியட்நாமின் டான் சோன் நாட் விமான நிலையத்தில் அன்று மதியம் தார் உருகுகிற வெயில். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற மற்ற பெற்றோர்கள் பூச்செண்டோடு வந்திருந்தார்கள். அவரும் ஒன்று வாங்கி வந்திருந்தார். வெறுங்கையோடு நின்றால் யாராவது சந்தேகப்படுவார்கள் இல்லையா.

ஆசிய இளைஞர் கூடைப்பந்துப் போட்டிக்காக மணிலாவுக்குப் போன தேசிய அணி திரும்பி வருகிறது. போனது பன்னிரண்டு பையன்கள். அதில் ஒருவன் சேக், காரைக்காலிலிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் சலாஹுதீனின் ஒரே பிள்ளை.

அடுத்த மாதம் சேக்குக்குப் பதினெட்டு முடிகிறது. முடிந்த கையோடு பட்டாளத்திலிருந்து அழைப்பு வரும். போன வருஷம் அழைப்பு வந்த அவர் தெருப் பிள்ளைகளில் இரண்டு பேர் பெட்டியில் வந்து சேர்ந்தார்கள்.

திரும்புகிற வழியில் அணிக்கு ஹாங்காங்கில் ஓர் இரவு தங்கல். அங்கே அவர் மனைவி நூர் நிஷாவின் அண்ணன் துணிக்கடை வைத்திருக்கிறார். விடுதியிலிருந்து நடந்தே போய்விடலாம். விலாசத்தை எழுதி மகனின் காலுறைக்குள் வைத்து அனுப்பியது சலாஹுதீன்தான்.

"மாமாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணுமாம், நீ அங்கேயே இருந்துடு" என்று மட்டும் சொல்லியிருந்தார். முழுக்கச் சொன்னால் பயல் யாரிடமாவது உளறிவிடுவான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பிள்ளை வராவிட்டால் விசாரணைக்கு வருவார்கள். வரட்டும். கடையைப் பூட்டினாலும் பூட்டிவிட்டுப் போகட்டும்.

பக்கத்தில் நின்ற லான் அம்மாள் எக்கி எக்கிப் பார்த்தாள். சலாஹுதீன் கடையில் துணி எடுத்துத் தைக்கிறவள். மூத்தவனைப் போரில் பறிகொடுத்தவள். இளையவன் குவாங்கும் சேக்கும் ஒரே பள்ளி, ஒரே அணி. கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று அவர் கையைத் தொட்டுக் கேட்டாள்.

பையன்கள் இறங்கினார்கள். தோற்ற ஆட்டங்களே அதிகம் என்று பத்திரிகையில் வந்திருந்தது. அது முகங்களிலும் தெரிந்தது.

ஆறு. ஏழு. எட்டு.

சேக் இல்லை. சலாஹுதீனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஒன்பது. பத்து.

இனி இந்த ஜென்மத்தில் மகனைப் பார்ப்போமோ மாட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. பார்க்காவிட்டாலும் எங்கேயோ உயிரோடு இருப்பான். அது போதும் என்று நினைத்தார்.

பதினோராவதாக சேக் இறங்கினான். வேலிப்பக்கம் பார்த்துக் கையை ஆட்டினான்.

அவனுக்குப் பின்னால் அணியின் மேலாளர் இறங்கினார். கதவைச் சாத்தினார்கள்.

குவாங் எங்கே என்று லான் அம்மாள் கேட்டாள். முதலில் மெல்லக் கேட்டாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பையனிடமும் கேட்டாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

சேக் மட்டும் வேலி வாசல் வழியாக அவளிடம் வந்து, காதோடு வியட்நாமிய மொழியில் ஏதோ சொன்னான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவன் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

அந்தக் கையை விடுவிக்காமலே சேக் தகப்பன் பக்கம் திரும்பினான்.

"மாமா கடை விலாசத்தைக் குவாங்கிட்ட கொடுத்துட்டேன் வாப்பா. ரெண்டு பேரா காணாமப் போனா அப்பவே தேடியிருப்பாங்க, புடிச்சிருப்பாங்க. நமக்கென்ன, நாம பிரெஞ்சுக் குடிமக்கள், நம்மள எவன் பட்டாளத்துக்குக் கூப்புடுவான்? அவனுக்குத்தான் வேற வழியில்ல."

சலாஹுதீன் மகனிடம் நீட்டப்போன பூச்செண்டைத் தாழ்த்திக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பயிற்சியாளர் கடைக்கே வந்து, பையன் தேசிய அணியில் ஆட வேண்டுமானால் இந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றார். வயது வராத பிள்ளைக்குத் தகப்பன் கையெழுத்தே போதும் என்றார். பனியனில் நாட்டுப் பெயரோடு மகன் படம் பத்திரிகையில் வரப்போகிற பூரிப்பில், அவனுடைய பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டுவிடுவதாக சலாஹுதீன் எழுதிக் கொடுத்தார். பந்து விளையாடுவதற்கான ஏதோ படிவம் என்றுதான் வீட்டில் சொன்னார்.

அதன் பிறகு எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தார். வெட்கம் விடவில்லை.

"சரியாத்தானே செஞ்சேன், வாப்பா?"

லான் அம்மாள் தரையிலிருந்து நிமிர்ந்து, தகப்பனையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரியாத்தான் செஞ்சே" என்று சொல்லிவிட்டு, சலாஹுதீன் மகனின் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.