முதுகுப் பக்கத் தையல்

மெசின் கடகடவென்று கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடியும் இறுகி நின்றது. தவம் துணியைத் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்தில் நூல் குருவிக்கூடு மாதிரிச் சிக்கிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவர்களின் கலியாண நாள். மனைவி கமலேஸ்வரி கலியாணத்துக்குக் கட்டிய கூறைச் சேலை உடுத்தித் தன்னோடு கோயிலுக்கு வரவேண்டும் என்பது தவத்தின் ஆசை. அதற்குத்தான் கிரெய்கிபர்ன் புறநகரில் இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில், அவளுடைய தையல் மெசினோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

ஊரைவிட்டுப் படகேறி வந்தபோது கூறையை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள் அவள். பிளவுஸ் அங்கேயே விடுபட்டுப் போனது. இத்தனை வருசம் அதைப் பற்றிப் பேசாதவள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் திடீரென்று கேட்டாள்.

"கூறை நீங்கள் தந்தது. பிளவுஸும் நீங்கள்தான் தைக்கவேணும். வேறை ஒருத்தரிட்டையும் குடுக்க வேண்டாம்."

அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்த கைகாரி அவள். போன குளிர்காலம் செத்துப்போன பத்மாக்காகூட அவளைத் தவிர வேறு யாரிடமும் தைக்கக் கொடுத்ததில்லை. தவமோ கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். ஊசிக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். போதாக்குறைக்கு, கூறையின் சிவப்புக்குப் பொருந்திய பட்டில் கடையில் இருந்த கடைசித் துண்டு இதுதான். இதைப் பாழாக்கினால் அவ்வளவுதான்.

அடிநூல் சுற்றிய பொபினைக் கழற்றித் துடைத்தான். புது நூல் சுற்றி மாட்டினான். திரும்பவும் அதே குருவிக்கூடு.

"இது எனக்குச் சரிவராது கமலா."

அறைக்குள் கட்டிலில் படுத்திருந்தவளின் குரல் வந்தது. "கீழை சிக்கினால் பிழை மேலை. பொபினிலை ஒண்டுமில்லை. துணியை அமத்துற காலைத் தூக்கிப்போட்டு மேல் நூலைத் திரும்பக் கோத்துவிடுங்கோ."

கோர்த்தான். மெசின் சொன்ன பேச்சுக் கேட்டது. அந்தச் சந்தோசத்தில் துணியைப் பிடித்து வேகமாக இழுத்தான். ஊசி டக்கென்று முறிந்தது.

"இழுத்தனீங்கள் என்ன?" என்றாள் அவள் உள்ளேயிருந்து. "இழுக்கக்கூடாது. அது தன்ரை பாட்டிலை கொண்டுபோகும். நீங்கள் பிடிக்காமல் விடுங்கோ."

புது ஊசி போட்டான். தையல் விட்டு விட்டுத் தாவியது. சத்தத்தை வைத்தே அவள் சொன்னாள்: "ஊசி மறுவளம். தட்டைப் பக்கம் பின்னுக்கு வரவேணும்."

படுத்த படுக்கையில் கிடந்தபடி இவ்வளவும் சொல்கிறவளுக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் டொக்டர் வெகுநேரம் இங்கிலீசில் பேசினார். தவத்துக்கு அதில் பாதியும் விளங்கவில்லை. கமலாதான் கேட்டுவிட்டு அவனுக்குத் தமிழில் சொன்னாள்: "வீட்டை போகலாமாம்."

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நாட்களை ஓட்டினான். ஆனாலும் அவளுடைய கைகள் மெலிந்துகொண்டே போயின. இந்தப் பிளவுஸைத் தைத்து முடித்துவிட்டால், அதைப் போட்டுக்கொண்டு அவள் கோயில் வாசலில் நின்றுவிட்டால், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு அவனுக்கு.

வெட்டும் விதத்தையும் அவளே சொல்லியிருந்தாள். முன்பக்கம் திறப்பே கிடையாது. முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்திருக்க வேண்டும். கொக்கிக்குப் பதிலாக நாடா.

"கொக்கி வச்சால் வடிவா இருக்குமெல்லே. ஏன் நாடா?"

"எனக்குக் கை தூக்க ஏலாதெல்லே."

அதுவும் நியாயம்தான். முதுகின் ஓரத்தைத் தைக்கத் தொடங்கினான். பாதியில் தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்தால் பட்டு பிய்ந்துவிடும், பிரிக்காவிட்டால் அசிங்கம். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

"முதுகுப் பக்கம் கோணிப்போச்சு கமலா. பிரிக்கட்டே?"

"வேண்டாம், விடுங்கோ. முதுகை ஆர் பாக்கப்போகினம்?"

சேலைத் தலைப்பு மறைத்துவிடும் என்று அவனும் மனதைத் தேற்றிக்கொண்டான்.

கடைசி நாடாவைத் தைக்கும்போது மெசின் திரும்பவும் இறுகியது. இந்தமுறை அவன் அவளைக் கூப்பிடவில்லை. பொபினையும் தொடவில்லை. துணியை அமத்தும் காலைத் தூக்கினான், மேல் நூலை உருவினான், நிதானமாகத் திரும்பக் கோர்த்தான். மெசின் சீராக ஓடியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பிளவுஸை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினான். "கடைசிச் சிக்கலை நானே கண்டுபிடிச்சு எடுத்தனான். உம்மைக் கேக்கேல்லை."

"எனக்குக் கேட்டது" என்றாள் கமலா. பிளவுஸை நெஞ்சின்மேல் வைத்துத் தையலை விரலால் தடவினாள். திறந்திருந்த முதுகை விரித்தாள். நாடாக்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் பெரிய ஆறுதல் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை இதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வாரும்" என்றான் தவம்.

அவள் அவனுடைய கையைப் பிடித்துக் கட்டில் ஓரத்தில் இருத்தினாள்.

"செத்தவீட்டிலை பத்மாக்காவைக் குளிப்பாட்டி உடுத்திவிடேக்கை நானும் நிண்டனான். அவவின்ரை கை விறைச்சுப்போச்சு. பிளவுஸ் ஏறேல்லை. கத்திரிக்கோலாலை முதுகை வெட்டித்தான் போட்டுவிட்டம்."

அவள் பிளவுஸை ஒழுங்காக மடித்து அவனிடம் நீட்டினாள்.

"எனக்கு வெட்டத் தேவையில்லை."