ஊதாத் திரைக்குள்ளே

ஓடைக்கரையில் புதிதாக நின்ற கூண்டின் ஊதாத் திரையை விலக்கி வேதமணி உள்ளே போய் முழங்கால் போட்டார். எதிரே சின்னதாக ஒரு கம்பிவலை, அதற்குப் பின்னால் இருட்டு. தவக்காலத்துக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூர்ச் சாமியார் வருகிறார் என்று பூசையில் சொல்லியிருந்தார்கள். வெளியூர்க்காரர் என்றால் வசதிதான், நாளைக்குக் கடைத்தெருவில் எதிரே வந்து நிற்க மாட்டார்.

"சாமி, நான் பாவி. இசக்கிதுரை கிடாவை அறுத்துத் தின்னவன் நான்தான்."

சொன்னதும் பாதி பாரம் இறங்கியது. மீதியையும் இறக்கினார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி வெள்ளத்துல என் ஒத்த ஆட்டுக்குட்டிய இந்த ஓடைதான் கொண்டுட்டுப் போச்சு. அந்த வயித்தெரிச்சல் சாமி. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளு அவன் கிடா ஓடைக்குள்ள தனியா மேஞ்சுக்கிட்டு நின்னுச்சு. பா... பான்னு ஒரு சத்தம்தான் குடுத்தேன். நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வீட்டுக்கு வந்துட்டு. பிரியாணி போட்டு, அவன் வீட்டுக்கும் ஒரு தூக்குச்சட்டி குடுத்துவிட்டேன். ருசியா இருக்குன்னு இன்னொரு தரம் கேட்டு வாங்குனான் சாமி!"

வலைக்குப் பின்னால் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. சாமியாரே வாயடைத்துப் போகிற அளவுக்குப் பெரிய பாவம் போலிருக்கிறது என்று பயந்து, தனக்குத்தானே பத்து 'அருள் நிறைந்த மரியே' விதித்துக்கொண்டு வேதமணி வெளியே வந்தார்.

மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "அருமையாப் பதிவாயிருக்கு அண்ணாச்சி!"

"என்ன பதிவு? சாமியார் எங்க?"

"சாமியாரா? அவிய கோயில்லல்லா இருக்காவ!"

அவள் பெயர் ஜெபிஷா, தூத்துக்குடிக்காரி, ஓவியம் படித்தவள். ஊருக்கும் ஓடைக்கும் உள்ள உறவை ஊர்க்காரர்கள் வாயாலேயே சொல்லவைக்கிற கலையாம் இது. 'ஓடை உங்களுக்கு என்ன கொடுத்தது? உங்களிடமிருந்து என்ன எடுத்தது?' என்று கூண்டின் நெற்றியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வேதமணியின் கண்ணாடி சட்டைப்பையில் சௌகரியமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு சாயங்காலம் ஓடைக்கரைக் கருவேல மரங்களில் பன்னிரண்டு ஒலிபெருக்கி கட்டி, எல்லார் குரலையும் ஒவ்வொன்றாகப் போடுவாளாம். அதுவரை அவள்கூடக் கேட்க மாட்டாளாம். அதுதான் இந்தக் கலையின் விதியாம்.

"பேரு வருமா பாப்பா?"

"பேரெல்லாம் கிடையாது. குரல் மட்டுந்தான்."

பேர் எதற்கு? இருபது வருஷமாகக் கோயிலில் வாசகம் வாசிக்கிற குரல். ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அடையாளம் தெரியும்.

"என்னத மட்டும் அழிச்சிரு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"தப்பா வேற எதையும் அழிச்சிரக் கூடாதுல்லா? உங்களுக்காக விதிய மீறி ஒரு தரம் போட்டுக் கேட்டுட்டு அழிக்கேன்."

"போடும்மா, அண்ணாச்சி என்னதான் பேசிருக்காவன்னு நானும் கேக்கேன்" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். திரும்பினால் சாட்சாத் இசக்கிதுரை!

"வேண்டாம், வேண்டாம்! அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று வேதமணி பதறினார்.

"என் பொஞ்சாதி சுப்புத்தாய் காலையிலயே வந்து பேசிட்டுப் போயிட்டா" என்றான் இசக்கிதுரை. "நான் என் கிடாவத் தின்னவன நாலு ஏச்சு ஏசிட்டு வாறேன். எவன்னு மட்டும் தெரியட்டும், கால முறிச்சு இந்த ஓடையிலயே போடுதேன்." அவன் உள்ளே போய் ஏசியது வெளியிலேயே கேட்டது. வேதமணி தன் இரண்டு கால்களையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே ஜெபிஷா பெட்டியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடி போய்விட்டாள், இனி ஞாயிறுதான் வருவாளாம். சனிக்கிழமை வேதமணி முழங்கால் போட்டு மழை வேண்டினார். களத்தில் அவர் மிளகாய் வத்தல்தான் காய்ந்தது. வத்தல் நாசமாய்ப் போகட்டும், ஒலிபெருக்கி நனைந்தால் போதும் என்று இருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஊரே ஓடைக்கரையில் கூடிவிட்டது. "ஓடை எனக்கு ஒண்ணும் குடுக்கல, ரெண்டு சோடி செருப்பத்தான் எடுத்துச்சு" என்றது மாடத்தியின் குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்து, "சாமி, நான் பாவி" என்று பன்னிரண்டு மரமும் ஒன்றாகச் சொன்னது.

தூக்குச்சட்டி வரை வந்தபோது வேதமணி பாதி ஓடையைத் தாண்டியிருந்தார். பின்னாலேயே கம்போடு இசக்கிதுரை. "ஏ அண்ணாச்சி! என் கிடாவ எனக்கே ஆக்கிப் போட்டீரே! நானும் ருசியா இருக்குன்னு வேற சொன்னேனே!"

எதிர்க்கரை மரத்தடி மணலில் கால் புதைந்து வேதமணி விழுந்தார். கம்பு மேலே உயர்ந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அப்போது தலைக்கு மேலிருந்த மரம் ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசியது. சுப்புத்தாயின் குரல்.

"ஓடை குடுத்ததா? வெள்ளத்துல வேதமணி அண்ணாச்சி வீட்டுக் குட்டி எங்க தொழுவுல வந்து ஒதுங்குச்சு, அதத்தான் கிடாவா வளத்தோம். யார்ட்டயும் சொல்லிராத தாயி!"