சிவப்பு நூல் இல்லாத சட்டை

"ஒரு முழ நூல் இல்லைன்னு ஒரு கொலைகாரனை வெளியே விட்டுட்டாங்களேம்மா! எல்லாம் நீங்க சொன்ன சாட்சியால!"

டியூஷன் மாஸ்டர் செய்தித்தாளை இஸ்திரி மேசைமேல் விசிறிப் போட்டார். லாண்டரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"முழ நூல் எல்லாம் இல்லை சார். நாலே நாலு தையல்."

"கிண்டலா?"

"கேட்டாங்க, சொன்னேன். அவ்வளவுதான்."

அவள் கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் காலரின் உள்பக்கம் அடையாளத் தையல் போடுவாள். ஆளுக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு கணக்கு. மருந்துக்கடை முதலாளி குத்திக் கொல்லப்பட்ட அன்று, பின்பக்கச் சாக்கடையில் ரத்தக்கறையோடு ஒரு பழைய நீலச் சட்டை கிடைத்தது. அது அவரிடம் வேலை பார்த்த சேல்ஸ்மேனுடையது என்றது போலீஸ். அவனோ அதுவரை எட்டு வருஷமாக இவளிடம்தான் துணி போட்டுவந்தவன். அவனுக்குச் சிவப்பு நூலில் நாலு தையல். நீலச் சட்டையில் ஒரு தையலும் இல்லை, பிரித்த தடமும் இல்லை. மூன்று வருஷம் உள்ளே கிடந்தவன் நேற்று விடுதலையாகிவிட்டான்.

அதிலிருந்து ஊர் வாய் மூடவில்லை. கோர்ட் வாசலில் மறியல், டீ.வி.யில் கூச்சல். நேற்று சாயங்காலம் யாரோ விட்டெறிந்த கல்லில் லாண்டரிக் கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

நர்ஸ் ஒருத்தி அவசரமாக வந்தாள். "அக்கா, என் யூனிஃபார்மைக் கொடுத்துடுங்க. இங்கே துணி போடறேன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரியில ஒரு மாதிரி பார்க்கறாங்க."

"இன்னும் ஈரமா இருக்கே கண்ணு."

"ஈரமாவே கொடுங்க."

சொட்டச் சொட்ட வாங்கிக்கொண்டு போனாள். மாஸ்டர் உச்சுக் கொட்டினார்.

"பார்த்தீங்களா? தேவையா இது? 'ஞாபகம் இல்லை'ன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே சார். தெரிஞ்சே கழுத்தை நெரிக்கச் சொல்றீங்களா?"

"உங்க பையன் ஊர்ல இருந்திருந்தா உங்களைக் கூண்டுல ஏறவே விட்டிருக்க மாட்டான். ஆமா, அவன்கிட்டேருந்து ஏதாவது தகவல் உண்டா?"

"வரும் சார்" என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன். ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. எதிரே பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கடைசி ஆள் இறங்கும்வரை அவள் கை வேலை செய்யாது. அவன் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அதற்குமேல் இந்த உலகத்தில் அவளுக்கு வேண்டியது எதுவும் இல்லை.

வாசலில் நிழல் விழுந்தது. பாதி நரைத்த தாடியோடு அந்த சேல்ஸ்மேன் நின்றுகொண்டிருந்தான். மாஸ்டருக்குத் திடீரென்று அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர், பேப்பரைக்கூட எடுக்காமல் நழுவினார்.

"அம்மா, இது செல்லுமா?" கசங்கிய ரசீது ஒன்றை நீட்டினான். பிடிபடுவதற்கு முந்தின நாள் துணி போட்ட ரசீது.

"என்னப்பா இப்படிக் கேட்கறே?" அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். நாலு சட்டைகள், மடிப்புக் கலையாமல்.

அவன் ஒரு காலரைத் திருப்பிச் சிவப்புத் தையலைக் கட்டைவிரலால் தடவினான். கண் கலங்கிவிட்டது.

"முதலாளி என்னை அறைஞ்சாராம், அதனால நான் குத்தினேனாம். இந்தத் தெருவுல அவர்கிட்ட அறை வாங்காத பசங்க யாரும்மா இருக்காங்க? நீங்க மட்டும் வாயைத் திறக்கலைன்னா நான் செத்திருப்பேன்."

"பழசை விடுப்பா."

"எப்படி விடறது? என்னைப் பார்த்தா குழந்தையைத் தூக்கிட்டு உள்ளே ஓடறாங்க. நிஜமா செஞ்சவன் யாருன்னு தெரிஞ்சாத்தாம்மா நான் தலை நிமிர்ந்து நடக்க முடியும்."

மூட்டை இருந்த தட்டில் இன்னொரு அடுக்கு தெரிந்தது. அதைப் பார்த்து அவன் குரல் தணிந்தது. "தம்பி சட்டைங்களா?"

"ஆமாப்பா." அடுக்கை இறக்கி மேசைமேல் வைத்தாள். "வாரா வாரம் எடுத்து நீவி மடிச்சு வைக்கறேன். துவைக்கறது மட்டும் இல்லை. துவைச்சா அவன் வாசனை போயிடும். எப்போ வந்து நின்னாலும் மாத்துத் துணி தயாரா இருக்கணுமில்ல?"

எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. பேச்சை விட்டுவிட்டு, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தாள்.

அவன் மேலே இருந்த சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பினான். அடுத்ததையும் திருப்பினான். "எதுலயும் தையல் இல்லையேம்மா? வேற யார் துணியோடயாவது கலந்துடப் போகுது."

"வீட்டுத் துணிக்கு எதுக்குப்பா அடையாளம்?" என்றாள், பஸ்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே. "என் பிள்ளை சட்டை எனக்குத் தெரியாதா? அவன் துணி எதுலயும் நான் நூல் போட்டதே இல்லை."

பஸ் கிளம்பிப் போனது. காலர்மேல் இருந்த அவன் விரல் அசையவில்லை. அன்று கோர்ட்டில் அந்த நீலச் சட்டையைத் தூக்கிக் காட்டி, 'இது உங்கள் கடைக்கு வந்த துணியா?' என்று ஆளுக்கு ஆள் கேட்டார்களே தவிர, 'இது உங்கள் வீட்டுத் துணியா?' என்று ஒருவரும் கேட்கவில்லை.