பிரிச்சு மாட்டின எஞ்சின்

அந்தப் பழைய அமெரிக்கக் கார் விலைக்கு வந்தப்போ, அதோட எஞ்சினுக்குத் தலைகால் புரியல. நட்டு நட்டாப் பிரிச்சுப் புதுசா மாட்டி முடிச்சு ஒரு வாரந்தான் ஆகுது.

"துருப்பிடிச்ச உன்னை யாருடா வாங்குவா? என் உறுமலுக்குத்தான் விலை. இனிமே ஹைவேதான்!"ன்னு காரோட பாடியைச் சீண்டுச்சு.

"வாஸ்தவந்தாண்ணே"ன்னுச்சு பாடி.

வாங்க வந்தவரு காரைச் சுத்திச் சுத்திப் பார்த்தாரு. ஸ்டார்ட் பண்ணச் சொல்வாருன்னு எஞ்சின் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்துச்சு.

"கல்யாண மண்டப வாசல்ல நிறுத்தப்போறேன். ஜோடிங்க உக்காந்து போட்டோ எடுத்துக்கும்"னாரு அவரு. "எஞ்சினை மட்டும் கழட்டிருங்க. எண்ணெய் ஒழுகினா டைல்ஸ் பாழாயிடும்."

எஞ்சின் தன்னைப் பிரிச்சு மாட்டின மெக்கானிக்காவது தனக்காக வாயைத் திறப்பாருன்னு அவரையே பார்த்துச்சு.

அவரும் திறந்தாரு.

"மாட்டத்தான் சார் ரெண்டு வருஷம் ஆச்சு. கழட்ட அரை நாள் போதும்."